ஆர்டர் கூடுமா, குறையுமா? சின்ன பனியன் யூனிட்டுக்கு உதவும் அறிகுறிகளைப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2025 ஆகஸ்ட் கடைசியில் ஒரு தம்பி திருப்பூரில் இருக்கும் என் யூனிட்டுக்கு வந்தான். தொழிலுக்கு வந்து ஒன்றரை வருடம், 24 மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறான், அதாவது மற்றவர் துணியைப் பீஸுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைக்கிறான். கையில் போன், அதில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி பற்றி நாற்பது ஐம்பது வாட்ஸ்அப் செய்திகள். "ஏனுங்ண்ணா, பத்து மெஷின் பேசி அட்வான்ஸும் குடுத்துட்டேன். எடுக்கலாமா, உட்டறலாமா?" என்றான். உன் பீஸ் எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்டேன். தெரியவில்லை. அவன் யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்த பீஸில் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, பக்கத் தையலில் வைத்துத் தைத்த வாஷ்கேர் லேபிளைத் திருப்பிப் பார்த்தோம். இங்கிலாந்து முகவரி இருந்தது.

ஒரு வாரமாகத் தூங்காமல் அவன் படித்த அத்தனை செய்தியும் வேறு ஒருவருடைய ஆர்டரைப் பற்றியது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். செய்தியில் ஆரம்பித்து முடிவுக்கு வரப் பார்க்கிறார்கள். முடிவில் ஆரம்பித்து, அதற்கு எந்தச் செய்தி வேண்டும் என்று பின்னால் நடந்து வர வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். 20 முதல் 60 மெஷின் வரை வைத்திருக்கும் பவர்டேபிள் (கூலிக்குத் தைக்கும்) யூனிட்களை மனதில் வைத்து எழுதியது. சொந்தமாகத் துணி போட்டு ஆர்டர் செய்கிறவர்களுக்கு எங்கே மாறும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் 24 மாத பில்கள், பார்ட்டி (நமக்கு வேலை கொடுக்கும் கம்பெனி) வாரியாகப் பிரித்தது. 12 மாதம் போதாது. போன வருடம் இதே சமயம் எப்படி இருந்தது என்று ஒப்பிட ஒரு வருடம் பின்னால் போக வேண்டும், அந்த ஒப்பீடு சரியா என்று பார்க்க இன்னொரு வருடம் வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பில்லுக்கும் பணம் பேங்கில் ஏறிய தேதி. பலர் பில் ஃபைல் வைத்திருப்பார்கள், இந்தத் தேதியை மட்டும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

மூன்றாவது, வேலையே இல்லாவிட்டாலும் வாரம் எவ்வளவு பணம் வெளியே போகும் என்ற கணக்கு. வாடகை, கரண்டின் நிலையான கட்டணம், மெஷின் கடன் தவணை, சூப்பர்வைசர் சம்பளம், ஆட்கள் தங்கும் ரூம் வாடகை எல்லாம் சேர்த்து. கையில் இருக்கும் பணத்தை அதால் வகுத்தால் வருவது நீங்கள் தாங்கும் வாரம். உதாரணத்துக்கு, கையில் 6 லட்சம், வாரம் 75,000 போகிறது என்றால் 8 வாரம். இந்த எண் தெரியாமல் அறிகுறி பார்ப்பதில் பயனில்லை. 4 வாரம் தாங்குகிறவருக்கும் 16 வாரம் தாங்குகிறவருக்கும் ஒரே அறிகுறி வேறு வேறு முடிவைச் சொல்லும்.

அப்புறம் ஒரு நீள நோட்டு, வாரத்தில் அரை மணி நேரம். சனிக்கிழமை சம்பளம் போடுகிற நாள், தலை நிற்காது. ஞாயிறு காலை அல்லது திங்கள் வேலை தொடங்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முடிவைத் தேதியோடும் தொகையோடும் எழுதுங்கள்

"மார்க்கெட் எப்படி இருக்கும்" என்பது கேள்வியே இல்லை, அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. "மார்ச் 31-க்குள் 6 ஓவர்லாக், 4 ஃபிளாட்லாக் தையல் மெஷினைக் கடனில் எடுப்பதா" என்பது கேள்வி. "தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு, திரும்பி வரும்படி அட்வான்ஸ் கொடுத்து அனுப்புவதா" என்பதும் கேள்விதான்.

எழுதியதும் அதன் பக்கத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள். எடுத்த பிறகு திரும்ப முடியுமா? எவ்வளவு நாள் வரை தள்ளிப்போடலாம்? மெஷின் கடனில் எடுத்தால் திரும்புவது கஷ்டம், விற்கப் போனால் விலை பாதிக்கு வரும், அதுவும் எல்லோரும் விற்கிற நேரத்தில் இன்னும் குறையும். வாடகைக்கு எடுத்தால் மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடலாம். திரும்ப முடிகிற முடிவுக்கு அறிகுறி தேடி மெனக்கெட வேண்டாம், செய்து பார்த்துவிடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்கத் திரும்ப முடியாத முடிவுகளுக்கானது.

2. முடிவு எந்தக் காலில் நிற்கிறது என்று பாருங்கள்

பத்து மெஷின் எடுக்கும் முடிவு மூன்று காலில் நிற்கிறது. இப்போதைய பீஸ் ரேட்டில் இன்னும் ஒன்பது பத்து மாதம் வேலை வர வேண்டும். அதில் உட்கார டெய்லர் வேண்டும். வேலை கொடுக்கிற பார்ட்டி சொன்ன நாளில் பணம் கொடுக்க வேண்டும். இதில் ஒன்று ஒடிந்தாலும் முடிவு கவிழும்.

இங்கே நடக்கும் தவறு, நாம் எதற்கு அதிகம் பயப்படுகிறோமோ அதையே முக்கியமான கால் என்று நினைத்துவிடுவது. அந்தத் தம்பி அமெரிக்க வரியைப் பார்த்துப் பயந்தான். அவன் பில்களைப் பார்த்தால் 70 சதவீத வேலை ஒரே பார்ட்டியிடமிருந்து வந்தது, அந்தப் பார்ட்டி பணம் தரும் நாள் நான்கு மாதமாக நீண்டுகொண்டே போனது. அவனுடைய பலவீனமான கால் அதுதான், அதைப் பற்றி அவன் போனில் ஒரு செய்தி கூட வரவில்லை.

மூன்றுக்கு மேல் கால் எழுதாதீர்கள். பத்து எழுதினால் பத்தையும் வாராவாரம் பார்க்க முடியாது, இரண்டாவது மாதம் நோட்டை மூடிவிடுவீர்கள்.

3. ஆர்டர் நடந்து வரும் பாதையை ஒரு பக்கத்தில் வரையுங்கள்

இந்த அடியில்தான் நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வெளிநாட்டுக் கடையில் ஒரு டி-ஷர்ட் விற்கிறது. கடைக்காரர் இருப்பைப் பார்க்கிறார். அடுத்த சீசனுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று திட்டம் போடுகிறார். பையிங் ஏஜென்ட் (வெளிநாட்டுக் கடைக்காரருக்காக, அதாவது பையருக்காக, இங்கே வாங்கித் தருபவர்) வழியாக சாம்பிள் கேட்கிறார்கள், காஸ்டிங் (ஒரு பீஸுக்கு ஆகும் செலவுக் கணக்கு) கேட்கிறார்கள், ரேட் பேசி ஆர்டர் உறுதியாகிறது. அப்புறம் நூல் வாங்கி, நிட்டிங் (துணி பின்னுவது), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி சுருங்காமல் இறுக்குவது), கட்டிங் முடிந்து நம்மிடம் தையலுக்கு வருகிறது. பிறகு செக்கிங், அயர்ன், பேக்கிங், தூத்துக்குடி, கப்பல்.

நாம் எங்கே இருக்கிறோம் பாருங்கள். கிட்டத்தட்ட கடைசியில். சாம்பிள் கேட்பதற்கும் நம் ஊசிக்குத் துணி வருவதற்கும் நடுவில் சில மாதங்கள் இருக்கின்றன. அதனால் நமக்குப் பின்னால் நடப்பது எல்லாம் நமக்குத் தாமதமான செய்தி. போன மாதம் இவ்வளவு கோடி ஏற்றுமதி என்று பேப்பரில் வருவது நாம் ஏற்கெனவே தைத்து அனுப்பிய பீஸின் கணக்கு. அது ஏறினாலும் இறங்கினாலும் நம் அடுத்த மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நமக்கு முன்னால் இருக்கிற படிகளில் நடப்பதுதான் நமக்கு அறிகுறி.

இதற்கு நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது. 2022 மே மாதம் பஞ்சு கேண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி. ஊரே நூல் விலையைப் பற்றித்தான் பேசியது, நானும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். நூல் விலை இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதே மே மாதம் நடுவில், அமெரிக்காவின் இரண்டு பெரிய கடைத்தொடர்கள் தங்கள் காலாண்டுக் கணக்கை வெளியிட்டன. டார்கெட்டின் சரக்கு இருப்பு முந்தைய வருடத்தைவிட 43 சதவீதம் கூடியிருந்தது. வால்மார்ட்டின் இருப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. கடையில் சரக்கு மலையாகக் குவிந்திருக்கிறது என்றால் அடுத்த சீசனுக்குப் புது ஆர்டர் குறையும், இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கு யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவில் இருந்தது.

வருடத்தின் பின்பாதியில் நூல் விலை இறங்கியது. ஆனால் ஆர்டர் வரவில்லை. நான் ஜூனில் எடுத்த எட்டு மெஷினில் ஐந்து, துணி போர்த்தி நின்றன. பிறகு என் வேலை நோட்டைப் புரட்டியபோது இன்னொன்று தெரிந்தது. எனக்கு வேலை தரும் பார்ட்டி, மாதம் பத்துப் பன்னிரண்டு ஸ்டைல் சாம்பிள் தைக்கக் கொடுப்பார்கள். அந்த ஏப்ரலில் ஆறு, மேயில் மூன்று. என் யூனிட்டுக்குள்ளேயே அறிகுறி கிடந்தது, நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பாதையை வரைந்து, ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் "இது எனக்கு எத்தனை வாரம் முன்னால்" என்று தோராயமாக எழுதுங்கள். சரியாக இருக்க வேண்டியதில்லை, முன்னா பின்னா என்று தெரிந்தால் போதும்.

4. ஒவ்வொரு அறிகுறியையும் நான்கு கேள்வியில் சலியுங்கள்

முடிவெடுக்க வேண்டிய தேதிக்கு முன்னால் இது கிடைக்குமா? இதில் யாராவது பணமோ நேரமோ போட்டிருக்கிறார்களா, இல்லை வெறும் பேச்சா? ஒப்பிட என்னிடம் பழைய எண் இருக்கிறதா? இது மாறினால் என் முடிவு மாறுமா?

நான்காவது கேள்விதான் பாதிக்கு மேல் கழித்துவிடும். ஜாப் ஒர்க் மட்டும் செய்கிறவருக்கு டாலர் ரேட் 50 பைசா ஏறினால் என்ன முடிவு மாறும்? ஒன்றும் மாறாது. அப்படியானால் பார்க்க வேண்டாம். டாலரில் பில் போடுகிறவருக்கு மாறும், அவர் பார்க்கட்டும்.

இரண்டாவது கேள்வியை லேசாக விடாதீர்கள். "அடுத்த சீசன் பெரிசா வருதுங்க, மெஷின் ரெடியா வெச்சுக்கோங்க" என்று மெர்ச்சண்டைசர் (கம்பெனியில் ஆர்டரைக் கவனிப்பவர்) சொல்வது பேச்சு. அதே கம்பெனி துணியை டையிங்குக்கு அனுப்பிவிட்டது என்றால் அது பணம். பேச்சை நோட்டில் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பேச்சை மட்டும் வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

நூல் விலையை இந்தச் சல்லடையில் போட்டுப் பார்ப்போம். மில்கள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் ரேட்டை அறிவிக்கின்றன, ஆகவே நேரத்துக்குக் கிடைக்கிறது, பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது, பழைய எண்ணும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஒரே ஏற்றத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஆர்டர் நிறைந்து நூலுக்குப் போட்டி வந்தாலும் ஏறும், பஞ்சு கிடைக்காமல் போனாலும் ஏறும். முதலாவது நமக்கு நல்லது, இரண்டாவது கெட்டது. இறக்கத்திலும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட் 19 முதல் மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை நீக்கி, பிறகு அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அப்படி ஒரு காரணத்தால் விலை அசைந்தால் அது ஆர்டரைப் பற்றிய தகவல் இல்லை. அதனால் நூல் விலையைத் தனியாகப் படிக்காதீர்கள். நிட்டிங் மெஷின் எத்தனை ஓடுகிறது என்பதோடு சேர்த்துப் படியுங்கள். விலையும் ஏறி நிட்டிங்கும் முழுக்க ஓடினால் ஒரு அர்த்தம், விலை ஏறி நிட்டிங் நின்றால் வேறு அர்த்தம்.

5. முதலில் உங்கள் சொந்தக் கணக்கில் தேடுங்கள்

வெளியே போகும் முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் எண் இலவசம், பொய் சொல்லாது, உங்கள் பார்ட்டியைப் பற்றி மட்டுமே சொல்லும். நான்கு எண் போதும்.

பணம் வந்த நாள். பில் தேதியிலிருந்து பேங்கில் ஏறிய தேதி வரை எத்தனை நாள், பார்ட்டி வாரியாக, மாதச் சராசரி. 34, 36, 35 என்று ஓடிக்கொண்டிருந்தது 41, 48, 55 என்று போனால் அந்தப் பார்ட்டிக்கு மேலே எங்கோ பணம் நின்றுவிட்டது. அவர் முகத்தில் தெரியாது, டீ வாங்கிக் கொடுத்து நன்றாகத்தான் பேசுவார். எண்ணில் தெரியும். ஒரு விஷயம் கவனியுங்கள்: பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், எழுத்தில் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். இந்தக் கெடுவைத் தாண்டிய தொகையை, கொடுத்து முடிக்கும் வருடத்தில்தான் வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் மார்ச் மாதம் மட்டும் பணம் வேகமாக வரலாம். அந்த ஒரு மாதத்தைப் பார்த்து, பார்ட்டி சரியாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

சாம்பிள் எண்ணிக்கை. மாதம் எத்தனை ஸ்டைல் வந்தது, அதில் எத்தனை ஆர்டராக மாறியது. சாம்பிள் குறைவது ஒரு அறிகுறி. சாம்பிள் குறையாமல், அதே ஸ்டைலைத் திரும்பத் திரும்ப மாற்றித் தைக்கச் சொல்லி, ஒப்புதல் வராமல் இழுப்பது இன்னொரு அறிகுறி. பையருக்கு மனம் உறுதியாகவில்லை என்று அர்த்தம்.

ஒரு ஸ்டைலுக்கு எத்தனை பீஸ். 12,000 பீஸ் வந்த இடத்தில் 3,000, 2,500 என்று உடைந்து வருகிறதா? பையர் பெரிய அளவில் பணத்தை முடக்கப் பயப்படுகிறார். மொத்த பீஸ் குறையாவிட்டாலும் உங்களுக்கு இது செலவு. ஒவ்வொரு ஸ்டைல் மாறும்போதும் லைன் செட்டிங்குக்கு அரை நாள் போகும்.

கடைசியாக, ரேட் பேச்சு எப்போது ஆரம்பிக்கிறது. வழக்கமாக ஆர்டர் தொடங்கும் முன் பேசுவார்கள். பாதி வேலை முடிந்த பிறகு "ஒரு ரூபாய் கொறைச்சுக்குங்க" என்று வந்தால், மேலே தள்ளுபடி கேட்டிருக்கிறார்கள்.

6. அக்கம்பக்கத்தில் யாரிடம் என்ன கேட்பது

"எப்படிங்க போகுது" என்று கேட்டால் எல்லோரும் "பரவால்லீங்க" என்பார்கள். அது மரியாதைக்கான பதில். தேதியும் எண்ணும் வருகிற மாதிரிக் கேள்வியைக் கேளுங்கள்.

டையிங்கில்: "இன்னைக்குத் துணி குடுத்தா எந்தத் தேதிக்குக் கிடைக்கும்?" அவர் சொல்லும் நாள்தான் அங்கே நிற்கும் க்யூ. ஐந்து நாள் என்றவர் பத்து நாள் என்றால் உங்களுக்கு மூன்று நான்கு வாரத்தில் வேலை நெருக்கும். இரண்டு நாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிட்டிங்கில்: "எத்தனை மெஷின் ஓடுது, எத்தனை நிக்குது?" அட்டைப்பெட்டி செய்கிறவரிடம் கேட்பது கடைசி நேர அறிகுறி, ஷிப்மென்ட் பக்கம் இருப்பவர் அவர், ஆகவே முடிவெடுக்க உதவாது, சரிபார்க்க உதவும். லேபிள் விற்பவர் முன்னால் இருப்பவர், அவரைத் தவறவிடாதீர்கள்.

ஆள் பற்றிய அறிகுறியை ஆட்களிடமே கேளுங்கள். பக்கத்து யூனிட்களில் ஒரு ஷிப்ட்டா, கூடுதல் நேரம் சேர்த்து ஒன்றரை ஷிப்ட்டா? ஒன்றரை ஷிப்ட் நின்றுபோன யூனிட்டிலிருந்து டெய்லர்கள் தாமாகவே வேறு இடம் தேடி வருவார்கள், ஏனென்றால் அந்த அரை ஷிப்ட் பணத்தைத்தான் ஊருக்கு அனுப்புகிறார்கள். வாரத்தில் எத்தனை பேர் வந்து வேலை கேட்டார்கள் என்று கேட்டில் ஒரு நோட்டு வையுங்கள். இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இதைவிட விரைவாக அசைகிற எண் வேறு இல்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் ஊருக்குப் போகும்போது திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்துப் போட்டார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் அது பணம் போட்ட அறிகுறி.

இதில் பெரிய தவறு மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவது. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் ஒரு வருடம் தீபாவளிக்கு முந்தின ஓட்டமும், இன்னொரு வருடம் ஆளில்லாத வாரமும் எதிரெதிரே நிற்கும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால், இரண்டு வாரம் பின்னால் என்று பண்டிகையை வைத்து எண்ணுங்கள். பொங்கலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உள்நாட்டு வேலை செய்கிற யூனிட் என்றால் தீபாவளி சரக்கு காதர்பேட்டை பனியன் சந்தைக்குப் போய்ச் சேரும் காலத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

7. பெரிய செய்தியை மூன்று துண்டாக வெட்டிப் படியுங்கள்

அறிவிப்பு, நடைமுறைத் தேதி, யார் தலையில் விழுகிறது. இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், ஏனென்றால் மூன்றும் ஒரே நாளில் நடப்பதில்லை.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 2 அன்று இந்தியப் பொருள்களுக்கு 26 சதவீதம் என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரு வாரத்தில் 90 நாள் நிறுத்திவைத்து, 10 சதவீதம் மட்டும் வசூலித்தார்கள். ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25, ஆக 50. அதிலும் ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கம் முடித்த சரக்குக்கு இரண்டாவது 25 இல்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஆட்களை நிறுத்தியவர்கள் அடுத்த மூன்று நான்கு மாத வேலையை விட்டார்கள். ஆகஸ்டில் "இதுவும் தள்ளிப்போகும்" என்று இருந்தவர்கள் வெட்டிய துணியோடு மாட்டினார்கள். அறிவிப்பை வைத்து முடிவெடுத்தது முதல் தவறு, நடைமுறைத் தேதியைக் குறிக்காதது இரண்டாவது.

அதே வருடம் ஜூலை 24 அன்று இங்கிலாந்தோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆர்டர் கொட்டப் போகிறது என்று ஊருக்குள் பேச்சு. கையெழுத்து ஒன்று, இரு நாட்டிலும் ஒப்புதல் முடிந்து அமலாவது இன்னொன்று. சுங்க வரி குறைவது இரண்டாவதில்தான்.

இனி உங்கள் பீஸுக்கு வருவோம். எந்த நாட்டுக்குத் தைக்கிறோம் என்பதை லேபிளில் பாருங்கள். ஆர்என் என்று தொடங்கும் எண் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா, அந்த எண்ணை அங்கே அரசு கொடுக்கிறது. ஐரோப்பிய, இங்கிலாந்து பீஸில் பெரும்பாலும் அந்த ஊர் முகவரி இருக்கும். விலை டேக் பார்க்கக் கிடைத்தால் இன்னும் சுலபம். பில்லில் ஒரு பத்தி போட்டு நாட்டை எழுதிவையுங்கள், மூன்று மாதத்தில் உங்கள் வேலை எந்த நாட்டை எத்தனை சதவீதம் நம்பி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்தத் தம்பியின் பீஸ் இங்கிலாந்துக்குப் போனது என்றதும் அவன் பெருமூச்சு விட்டான். நான் அங்கே நிறுத்தவில்லை. அமெரிக்க வேலை இழந்த யூனிட்கள் சும்மா இருக்காது, இங்கிலாந்து, ஐரோப்பிய வேலைக்கு ரேட் குறைத்துக் கேட்கும். ஆகவே அவன் பார்க்க வேண்டியது வரி சதவீதத்தை அல்ல. அவனுடைய பார்ட்டியிடம் புதிதாக யார் ரேட் கொடுக்க வருகிறார்கள், என்ன ரேட் கொடுக்கிறார்கள் என்பதைத்தான். செய்தி நேராக உங்கள் மேல் விழாவிட்டால், யார் மேல் விழுந்து அவர் எந்தப் பக்கம் நகர்வார் என்று ஒரு படி கூடுதலாக யோசியுங்கள். இரண்டு படிக்கு மேல் யோசிக்க வேண்டாம், அது கற்பனையாகிவிடும்.

8. எண் வரும் முன்பே எல்லைக் கோட்டைப் போடுங்கள்

ஒவ்வொரு காலுக்கும் ஒரு அறிகுறி, ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு கோடு. "அடுத்த ஆறு வாரத்தில் சாம்பிள் 8-க்குக் கீழே போனால் மெஷின் இல்லை. பணம் வரும் நாள் 45-ஐத் தாண்டினால் அந்தப் பார்ட்டிக்குப் புது வேலை எடுக்கும் முன் பழைய பாக்கி. ரேட் இப்போதையதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் கடன் தவணை கட்டாது, விட்டுவிடு." இந்த எண்கள் உதாரணம், உங்கள் 24 மாதக் கணக்கில் வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கியதோ அதற்கு வெளியே போடுங்கள். வழக்கமான ஆட்டத்துக்குள்ளேயே கோடு போட்டால் மாதாமாதம் மணி அடிக்கும், பிறகு அதை மதிக்க மாட்டீர்கள்.

முன்பே ஏன் போட வேண்டும் என்றால், எண் வந்த பிறகு மனது காரணம் கண்டுபிடிக்கும். மெஷின் வாங்க ஆசை இருக்கும்போது சாம்பிள் 5 வந்தால் "இந்த மாதம் லீவு ஜாஸ்தி" என்று நாமே சொல்லிக்கொள்வோம். கோடும் தேதியும் நம் கையெழுத்தில் இருந்தால் அப்படிச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். வீட்டில் ஒருவருக்கோ பங்காளிக்கோ அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். என் நோட்டில் கோடு போடும்போது என் மனைவி பக்கத்தில் இருப்பாள், பில் போடுவது அவள்தான், எனக்கு முன்பே அவளுக்கு எண் தெரியும்.

ஒரே ஒரு அறிகுறி கோட்டைத் தாண்டினால் முடிவை மாற்றாதீர்கள், காரணம் கேளுங்கள். ஒன்றையொன்று சாராத இரண்டு தாண்டினால் மாற்றுங்கள். டையிங் க்யூ, நிட்டிங் ஓட்டம் இரண்டும் ஒரே ஆர்டரின் நிழல், அதை இரண்டாக எண்ணக் கூடாது. டையிங் க்யூவும் பணம் வரும் நாளும் வேறு வேறு. பணம் வரும் நாள் மட்டும் விதிவிலக்கு, அது தனியாகத் தாண்டினாலே நான் நடவடிக்கை எடுப்பேன், ஏனென்றால் அங்கே தவறினால் சனிக்கிழமை சம்பளம் நிற்கும்.

9. தெளிவாகாவிட்டால் சின்னதாகச் செய்யுங்கள்

அறிகுறிகள் இழுபறியாக இருந்தால் மூன்று மாதத்துக்கு மெஷின் வாடகை. ஆள் எடுக்கத் தயக்கமா, இருப்பவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட். வாடகை கூடுதல் செலவுதான், ஆனால் அந்தப் பணத்தில் மூன்று மாதத் தகவலை வாங்குகிறீர்கள். அந்தத் தம்பியும் இதைத்தான் செய்தான்: அட்வான்ஸை மூன்று மெஷினுக்கு மாற்றிக்கொண்டு, மீதிக்கு வாடகை.

10. அறிகுறிகளையும் கணக்குப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டி, அதில் எழுதிய எந்த அறிகுறி வரி என்ன சொன்னது, பிறகு என்ன நடந்தது என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். மூன்று முறை தொடர்ந்து தவறாகச் சொன்ன வரியை அடித்துவிடுங்கள். ஆறு மாதமாக எந்த முடிவுக்கும் நீங்கள் எடுத்துப் பார்க்காத வரியையும் அடித்துவிடுங்கள், அது சரியாகச் சொன்னாலும்.

புதிதாக ஒன்று சேர்த்தால் பழையதில் ஒன்றை எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். என் நோட்டு 14 வரியில் ஆரம்பித்தது, நூல் விலையும் டாலரும் போனது இரண்டாவது வருடம். இப்போது ஐந்து இருக்கிறது: பெரிய இரண்டு பார்ட்டியின் பணம் வரும் நாள், மாத சாம்பிள் எண்ணிக்கை, ஒரு ஸ்டைலுக்கு எத்தனை பீஸ், டையிங்கில் சொல்லும் தேதி, கேட்டில் வேலை கேட்டு வந்தவர்கள். ஞாயிறு காலை எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆகிறது.